ஏட்டிலிருந்து கைப்பேசிக்கு: மலைத் தோட்டத்துக்கு வங்கி வந்த கதை

வங்கி என்ற சொல்லைக் கேட்டதும் இன்றைய இளைஞரின் மனத்தில் தோன்றுவது கைப்பேசித் திரை. அவருடைய தந்தைக்குக் கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வரிசை எண்ணும் நினைவுக்கு வரும். பாட்டனாருக்கோ சம்பள நாளும் கிராணியின் மேசையும் கடைக்காரரின் 555 புத்தகமும்தான் வங்கி. மூன்று தலைமுறைக்குள் பணம் இருக்கும் இடம் மூன்று முறை மாறிவிட்டது.

உலகத்தின் பழைய வங்கிகள் எல்லாம் இன்று மின்னியலுக்கு மாறுவதைப் பற்றியே பேசுகின்றன. அந்தப் பேச்சு பெரும்பாலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் நடக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தின் உண்மையான சோதனை நடப்பது திரிங்காப் போன்ற இடங்களில்தான். கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் அது. மேலே போனால் புளூ வேலி தேயிலைத் தோட்டம். மலையின் வங்கிக் கிளைகள் பெரும்பாலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இருக்கின்றன. ஒரு தொழிலாளி கிளைக்குப் போய் வர வேண்டுமானால் அரை நாள் வேலையை விட வேண்டியிருக்கும். அவருக்குக் கைப்பேசி வங்கி வரமா, சுமையா? இதற்கு விடை காண வரலாற்றைத்தான் புரட்ட வேண்டும்.

கித்தங்கியில் ஒரு பெட்டி

மலாயாவில் தமிழரின் வங்கித் தொழில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அவர்கள் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் துறைமுகங்களுக்கு வந்துவிட்டார்கள். பிறகு ரயிலும் ரப்பரும் போன வழியே கோலாலம்பூர், ஈப்போ என்று உள்நாட்டுக்குள் பரவினார்கள். கோலாலம்பூரின் லெபோ அம்பாங் ஒரு காலத்தில் செட்டியார் தெருவாகவே விளங்கியது.

அவர்களுடைய தொழிற்கூடத்துக்குக் கித்தங்கி என்று பெயர். நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள். ஒரு கடை என்றால் ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்காரத் தரை. பகலில் கடை, இரவில் படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் ஏறக்குறைய மூன்றாண்டு தவணைக்கு வந்து, கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். கடைக்கு விலாசம் என்னும் முதலெழுத்துகளே அடையாளம். அந்த விலாசம் போட்ட உண்டியல் பினாங்கிலும் செல்லும், ரங்கூனிலும் செல்லும், காரைக்குடியிலும் செல்லும்.

பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று எழுதிய துல்லியமான கணக்கு அது. ரங்கூனில் மாத வட்டி விகிதத்தை அவர்கள் கோயிலில் கூடித் தீர்மானித்தார்கள். ஒருவர் வாக்குத் தவறினால் செய்தி எல்லாக் கித்தங்கிக்கும் போய்விடும். அதற்குப் பிறகு அவருக்கு எந்தக் கடையும் பணம் தராது. இன்றைய மொழியில் சொன்னால் கடன் தகுதி அறிக்கை, பணம் அனுப்பும் வலைப்பின்னல், வைப்புத் தொகை ஆகிய மூன்றையும் கணினி இல்லாமலே நடத்தினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. ஏட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கும் அடமானம் வைக்க நிலம் உள்ளவருக்கும்தான் அது நம்பிக்கை. சிறு தோட்டக்காரர், சீன வணிகர், நிலமுள்ள மலாய்க்காரர் ஆகியோர் வாடிக்கையாளர்கள். கொழுந்து பறிக்கும் கூலிக்காரருக்கு அந்தக் கூடத்தில் இடம் இருந்ததில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது அடமான நிலங்கள் பல செட்டியார் கைக்கு வந்தன. கூடவே மக்களின் மனக்கசப்பும் வந்தது. ஏடு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அதை ஒரு பக்கத்தார் மட்டுமே படிக்க முடிந்தால் மறுபக்கம் சந்தேகம் வளரும். இந்தப் பாடம் பின்னாலும் வருகிறது.

மலையில் சம்பள நாள்

கேமரன் மலையில் தேயிலை வேரூன்றியது 1929இல். ஜே.ஏ. ரசல் என்ற தொழிலதிபர், இலங்கையில் அனுபவம் பெற்ற ஏ.பி. மில்ன் என்ற தோட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டு போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் தமிழர்கள் பெரும்பங்கு வகித்தார்கள்.

அன்று அவர்களுடைய பணம் எப்படி இருந்தது? காலையில் பிரட்டு. செக்ரோலில் பெயர் விழும். மாலையில் கொழுந்துக் கூடை நிறுக்கப்படும். எடை கிராணியின் புத்தகத்தில் ஏறும். மாதக் கடைசியில் பிடித்தம் போக மீதி கைக்கு வரும். அந்த மீதியும் நேரே சாமான் கடைக்குப் போகும். கடைக்காரர் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகத்தில் அரிசியையும் பருப்பையும் குறித்து வைத்திருப்பார். கடன் இருப்பதால் அதே கடையில்தான் மீண்டும் வாங்க வேண்டும். கங்காணி முறை 1938இல், இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியபோது முடிவுக்கு வந்தது. கடைப் பற்று முறையோ அதற்குப் பிறகும் பல்லாண்டு நீடித்தது.

அந்த நாளை இன்று சிலர் ஏக்கத்தோடு நினைக்கிறார்கள். மனிதர் முகம் பார்த்துக் கொடுத்தார்கள் என்கிறார்கள். ஓரளவு உண்மை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கடைக்காரர் மறுக்காமல் பணம் கொடுத்திருப்பார். ஆனால் எடை எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற மூன்று கணக்கும் பிறர் கையில் இருந்தன. உழைத்தவர் கையில் கணக்கு இல்லை. கைரேகை மட்டுமே இருந்தது.

வாழைமரக் காசு கற்பித்த பாடம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்தது. அவர்கள் அச்சிட்ட நோட்டில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதை வாழைமரக் காசு என்றார்கள். கணக்கின்றி அச்சடித்ததால் அதன் மதிப்பு நாளுக்கு நாள் உருகியது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அது வெறும் தாளானது. பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

தோட்டத்து மக்கள் பலர் பிறகு நகையை மட்டுமே நம்பியதற்கும், சீட்டுப் பிடித்ததற்கும் இந்த அனுபவமும் ஒரு காரணம். கண்ணால் காணும் தங்கம் பொய்க்காது என்ற எண்ணம் அனுபவத்தில் பிறந்தது. புதிய பண முறைக்குத் தயங்கும் முதியவரை அறியாதவர் என்று ஒதுக்குவது எளிது. அவர் தயங்குவதற்கு அவருடைய குடும்பம் கொடுத்த விலை ஒன்று இருக்கிறது.

அந்தத் தயக்கத்தைத் தாண்டி மக்களைச் சேமிக்க வைத்தவை இரண்டு. ஒன்று தபால் அலுவலகச் சேமிப்புப் புத்தகம். 1974 டிசம்பர் 1ஆம் நாள் அந்தப் பணியை பேங்க் சிம்பானான் நேஷனல் ஏற்றுக்கொண்டது. மற்றொன்று கூட்டுறவு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி என்று தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டினார்கள். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு. கணக்குப் புத்தகம் தொழிலாளியின் கையில் இருந்தது.

செட்டிநாட்டிலிருந்து கிளம்பிய வங்கிகள்

இதற்கிடையே செட்டியார்களின் பழைய தொழில் புது வடிவம் எடுத்தது. 1906இல் சென்னையில் ஆர்பத்நாட் என்ற ஆங்கிலேய நிறுவனம் திவாலாகி ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். அந்த அடியிலிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியாலும் செட்டியார்களின் ஆதரவாலும் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1937 பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் திறப்பு. அடுத்து பினாங்கு. கித்தங்கிப் பெட்டியிலிருந்து காசோலைப் புத்தகத்துக்கு மாறிய அந்த அடியும், அன்றைய கணக்கில், இன்றைய மின்னியல் மாற்றத்துக்கு ஒப்பான பெரிய மாற்றம்தான்.

பிறகு நடந்தது சுவையான வரலாறு. 1969இல் இந்திய அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி மலேசியாவில் இயங்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் 1973இல் யுனைடெட் ஏசியன் வங்கி என்ற பெயரில் ஒன்றாயின. அது 1991இல் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது. 1999இல் பேங்க் பூமிபுத்ராவுடன் அடுத்த இணைப்பு. 2006இல் அந்த வங்கி சி.ஐ.எம்.பி. வங்கி எனப் பெயர் மாறியது. இன்று கைப்பேசியில் அந்த வங்கியின் செயலியைத் திறக்கும் இளைஞருக்கு, அதன் வேர்களில் ஒன்று செட்டிநாட்டுக்குப் போகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இலங்கையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1888இல் தேயிலை மலையின் நடுவே, ஹட்டன் நகரில், தோட்டத் தொழிலை நம்பி ஹட்டன் வங்கி தொடங்கப்பட்டது. 1970இல் அது ஹட்டன் நேஷனல் வங்கியாக உருவெடுத்தது. இன்று அது இலங்கையின் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்று. கேமரன் மலைத் தொழிலாளிக்கு வங்கி கீழே இருந்து ஏறி வந்தது. மலையகத்தில் வங்கி மலையிலேயே பிறந்து தலைநகருக்கு இறங்கிப் போனது. இரண்டு மலைகளிலும் தொடங்கியவர்கள் தோட்டத்துரைகளின் தேவையை எண்ணியே தொடங்கினார்கள். தொழிலாளி கடைசியாகத்தான் வாடிக்கையாளர் ஆனார்.

இயந்திரம் வந்த காலம்

1967 ஜூன் 27ஆம் நாள் லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி பணம் தரும் இயந்திரத்தை நிறுவியது. அன்றிலிருந்து வங்கி நேரம் என்ற சொல்லுக்குப் பொருள் குறையத் தொடங்கியது. இந்தியாவில் 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கணினியைப் புகுத்த வழி வகுத்தது. வேலை போய்விடும் என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சிய காலம் அது. அதனால் முதலில் வந்தவை பேரேடு எழுதும் இயந்திரங்கள்.

உண்மையான புரட்சி அதற்குப் பிறகு வந்தது. முன்பு கணக்கு ஒரு கிளைக்குச் சொந்தம். பிரிஞ்சாங்கில் கணக்கு இருந்தால் பிரிஞ்சாங்கில்தான் பணம் எடுக்க வேண்டும். எல்லாக் கிளைகளின் பேரேட்டையும் ஒரே மையக் கணினியில் சேர்த்தபோது, வாடிக்கையாளர் கிளைக்குச் சொந்தமானவர் என்ற நிலை மாறி வங்கிக்குச் சொந்தமானவர் ஆனார். இணைய வங்கி, கைப்பேசி வங்கி எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் கட்டிய மாடிகள்தான்.

மலேசியாவில் 2000 ஜூன் மாதம் உள்நாட்டு வங்கிகளுக்கு இணையச் சேவை அனுமதிக்கப்பட்டது. அதே மாதம் மேபேங்க் தன் இணைய வங்கியைத் தொடங்கியது. வெளிநாட்டு வங்கிகள் 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2012இல் முகவர் வங்கி முறைக்கு பேங்க் நெகாரா விதிகளை வகுத்தது. மளிகைக் கடையிலேயே பணம் போடவும் எடுக்கவும் வழி வந்தது. 2018இல் டூயிட்நவ் வந்தது. கைப்பேசி எண் தெரிந்தால் பணம் போய்ச் சேரும். 2022 ஏப்ரலில் ஐந்து மின்னியல் வங்கிகளுக்கு உரிமம் அறிவிக்கப்பட்டது.

பழைய வங்கிகளின் மூன்று வழிகள்

கிளை, ஊழியர், பழைய கணினி என்று சுமையோடு இருக்கும் பாரம்பரிய வங்கி புதிய உலகுக்கு எப்படி மாறுவது? உலகெங்கும் மூன்று வழிகள் தென்படுகின்றன.

முதல் வழி, உள்ளிருந்து மாற்றுவது. சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கி இதற்கு எடுத்துக்காட்டு. 1968இல் வளர்ச்சி வங்கியாகத் தொடங்கி, 1998இல் தபால் சேமிப்பு வங்கியைத் தன்னுடன் இணைத்தது. சேவையில் மெத்தனம் என்ற கெட்ட பெயரும் அதற்கு இருந்தது. 2009இல் பொறுப்பேற்ற பியூஷ் குப்தா காலத்தில், வெளியாரிடம் கொடுத்திருந்த தொழில்நுட்ப வேலையில் பெரும்பகுதியைத் தன் ஊழியரிடமே கொண்டு வந்தது. 2016இல் உலகின் சிறந்த மின்னியல் வங்கி என்று யூரோமணி இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது.

இரண்டாவது வழி, பழையதைத் தொடாமல் பக்கத்தில் புதியதைக் கட்டுவது. 1989இல் பிரிட்டனின் மிட்லண்ட் வங்கி, கிளையே இல்லாமல் தொலைபேசியில் இயங்கும் ஃபர்ஸ்ட் டைரக்ட் வங்கியைத் தொடங்கியது. மலேசியாவில் ஆர்.எச்.பி. வங்கி ஆக்சியாட்டா குழுமத்துடன் சேர்ந்து பூஸ்ட் வங்கியை அமைத்ததும் இதே வழிதான்.

மூன்றாவது வழி, ஒரே இரவில் எல்லாவற்றையும் புதிய கணினிக்கு மாற்றுவது. பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் இதைச் செய்தது. ஏறக்குறைய 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022இல் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது.

முதல் வழியில் போனவருக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. டி.பி.எஸ். சேவை 2023இல் பல முறை தடைப்பட்டது. சிங்கப்பூர் நாணய வாரியம், அவசியமற்ற மாற்றங்களை ஆறு மாதம் நிறுத்தி வைக்குமாறு உத்தரவிட்டது. தலைமை நிர்வாகியின் ஊதியமும் குறைக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறுக்கான விலையை வங்கி கொடுத்தது. கண்காணிப்பாளர் கேட்டதால் கொடுத்தது.

அதே டி.பி.எஸ். வங்கியோடு தமிழ்நாட்டின் பழைய வங்கி ஒன்றின் முடிவும் பின்னிக் கிடக்கிறது. 1926இல் கரூரில் வி.எஸ்.என். ராமலிங்கம் செட்டியாரும் நண்பர்களும் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அதை வீழ்த்தியது பழைய கணினி அல்ல, வாராக் கடன். எந்தச் செயலியும் தவறான கடனைச் சரிசெய்யாது. கித்தங்கி மேலாளுக்குத் தெரிந்த அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை.

மலைக்கு என்ன கிடைத்தது

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி இன்று சம்பளம் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். ரொக்கமாக வேண்டுமானால் தொழிலாளியே எழுதிக் கேட்க வேண்டும். இது பெரிய நன்மை. பிடித்தத்தை மறைக்க முடியாது. எவ்வளவு வந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. சம்பளப் பணத்தோடு மலைச் சாலையில் வரும் வண்டியைக் கொள்ளையரிடமிருந்து காக்க வேண்டிய கவலையும் இல்லை. இன்று தேயிலை மலையில் கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா நாடுகளைச் சேர்ந்தவர்கள். அன்று தமிழ்த் தொழிலாளி ஊருக்குப் பணம் அனுப்ப மாதக்கணக்கில் காத்திருந்தார். இன்று அவர்களுடைய பணம் விரைவில் வீடு சேர்கிறது.

சுமை வேறு உருவில் வந்தது. ஏ.டி.எம். அட்டை வந்ததும் ஆலோங் கும்பலும் மாறியது. முன்பு நகையையும் அடையாள அட்டையையும் வாங்கி வைத்த வட்டிக்காரர்கள் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பளம் கணக்கில் விழுந்ததும் முதலில் எடுப்பவர் அவர்தான். கங்காணியின் பிடித்தம் போய் அட்டைப் பிடித்தம் வந்தது. அடுத்து வந்தது கழுதைக் கணக்கு. சில நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டு அட்டையைக் கொடுத்தவர்கள், மோசடிப் பணம் தங்கள் கணக்கு வழியே ஓடியதற்காக நீதிமன்றம் ஏறினார்கள். 2024இல் இதற்கென்றே தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது.

பேங்க் நெகாராவும் சும்மா இருக்கவில்லை. குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறை எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022இல் வங்கிகளுக்குக் கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் மோசடிப் புகாருக்கு 997 என்ற எண் வந்தது. பணம் போனது தெரிந்தவுடன் அழைத்தால் அதைத் தடுக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு தோட்ட வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டிய எண் அது.

ஆனால் எச்சரிக்கை வரும் மொழி எது? செயலி பேசும் மொழி எது? மலாயும் ஆங்கிலமும் தடுமாறிப் படிக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கு, பேரன் அழுத்தச் சொன்ன இடத்தில் அழுத்துவதுதான் வங்கிச் சேவை. அன்று கிராணி காட்டிய இடத்தில் கைரேகை வைத்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

கணக்கு யார் கையில்?

செட்டியார் ஏடு, கிராணியின் செக்ரோல், 555 புத்தகம், அட்டை, செயலி என்று வடிவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர் பிழைத்தார். படிக்கத் தெரியாதவர் விலை கொடுத்தார். தபால் சேமிப்புப் புத்தகமும் கூட்டுறவுப் பங்கும் மக்கள் மனத்தில் நின்றதற்குக் காரணம், அவை கணக்கை உழைப்பவர் கையில் கொடுத்தன. ஒருவர் அதைப் படித்தும் காட்டினார்.

எனவே மின்னியல் மாற்றத்தை எதிர்ப்பதில் பயனில்லை. பாதி வழியில் விடாமல் முழுதாகக் கேட்டுப் பெறுவதே அறிவு. கிளையை மூடும் வங்கி மலையில் முகவரை வைக்க வேண்டும். செயலியைக் கொடுக்கும் வங்கி அதைத் தமிழில் விளக்க ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும். கோயில் மண்டபமும் தமிழ்ப்பள்ளிக் கூடமும் அதற்குப் போதும். தோட்டத்துப் பொது இயக்கங்கள் ஆண்டுக்கு ஒரு திருவிழா நடத்துகின்றன. ஒரு மாலைப் பொழுதைக் கைப்பேசி வங்கிப் பயிற்சிக்கும் ஒதுக்கலாம். வீட்டில் படித்த பிள்ளைகள், பாட்டிக்காகப் பொத்தானை அழுத்துவதை நிறுத்திவிட்டு, பாட்டியையே அழுத்தப் பழக்க வேண்டும்.

அட்டையை அடகு வைக்காதே, ரகசிய எண்ணைச் சொல்லாதே என்று அறிவுரை கூறுவது எளிது. அவசரத்துக்கு ஐந்நூறு வெள்ளி நியாயமான வட்டியில் கிடைக்கும் வழி இல்லாத வரை அந்த அறிவுரை காதில் ஏறாது. சிறு கடனை முறையாகக் கொடுக்கும் கூட்டுறவும் வங்கியும் மலைக்கு ஏறி வந்தால்தான் ஆலோங் இறங்கிப் போவான்.